கன்ட்ரி பாடலில் கதை சொல்வது யார்?

அமெரிக்காவின் கிராமியச் சாயல் கொண்ட மெல்லிசை வகையான கன்ட்ரி பாடல்கள் என்றாலே லாரி, விஸ்கி, விட்டுப்போன காதலி என்று கேலி செய்பவர்கள் உண்டு. அந்தக் கேலியில் ஓரளவு நியாயமும் இருக்கிறது. ஆயினும் அந்த மரபின் தேர்ந்த பாடலாசிரியர்கள் மூன்று நான்கு நிமிடங்களில் ஒரு முழுச் சிறுகதையைச் சொல்லிவிடுகிறார்கள். என்ன நடந்தது என்பதைக் காட்டிலும், நடந்ததை யார் வாயால் சொல்ல வைப்பது என்று தீர்மானிப்பதில்தான் அவர்களுடைய கைத்திறன் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

பாபி ஜென்ட்ரி 1967இல் எழுதிப் பாடிய 'ஓட் டு பில்லி ஜோ' இதற்கு நல்ல சான்று. மிசிசிப்பி டெல்டாவில் ஜூன் 3ஆம் நாள். பருத்திக் காட்டில் களை கொத்திவிட்டு ஓர் இளம்பெண் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிறாள். காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வரும்படி குரல் கொடுக்கும் தாய், பில்லி ஜோ மெக்கலிஸ்டர் டாலஹாச்சி பாலத்திலிருந்து குதித்துவிட்டான் என்ற செய்தியையும் அதோடு சேர்த்தே சொல்கிறாள். அவனுக்கு என்றைக்குமே புத்தி இருந்ததில்லை என்று காராமணிப் பாத்திரத்தைக் கைமாற்றியபடி சொல்லும் தந்தை, ரொட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, இன்னும் ஐந்து ஏக்கர் உழ வேண்டியிருப்பதை நினைவூட்டுகிறார். பில்லி ஜோவோடு சேர்ந்து இவள் முதுகுச் சட்டைக்குள் தவளையைப் போட்ட பழைய குறும்பைச் சொல்லும் சகோதரன், இன்னொரு துண்டு ஆப்பிள் பை கேட்கிறான்.

கதையைச் சொல்லும் பெண்ணோ அந்த மேசையில் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லையே என்று தாய் கேட்பதிலிருந்துதான் அவள் மனநிலை நமக்குப் பிடிபடுகிறது. பில்லி ஜோவும் இவளைப் போலவே இருந்த ஒரு பெண்ணும் பாலத்திலிருந்து எதையோ வீசியதைப் பாதிரியார் பார்த்தாராம் என்பதையும் தாய்தான் போகிறபோக்கில் சொல்கிறாள். எதை வீசினார்கள் என்று பாடலைக் கேட்டவர்கள் பல ஆண்டுகள் விவாதித்தார்கள். ஜென்ட்ரியோ, அந்தக் குடும்பம் தன்னையறியாமல் காட்டும் இரக்கமின்மையே தம் பாடலின் பொருள் என்று விளக்கினார். தாயின் வாயால் சொல்லியிருந்தால் இது ஊர்வம்பாகவும், எல்லாம் அறிந்த ஒருவரின் குரலில் சொல்லியிருந்தால் செய்தித்தாள் துணுக்காகவும் முடிந்திருக்கும். வீட்டாரிடம் மறைத்ததை நம்மிடமும் மறைக்கும் ஒருத்தி சொல்வதால்தான் கதைக்கு இத்தனை கனம்.

டாம் டி. ஹால் எழுதி 1968இல் ஜீனி சி. ரைலி பாடிய 'ஹார்ப்பர் வேலி பி.டி.ஏ.'யின் உத்தி இதற்கு நேர்மாறானது. குட்டைப் பாவாடைக்காகத் தன்னைக் கண்டித்த பெற்றோர்–ஆசிரியர் கழகத்தின் கூட்டத்துக்கே சென்று, உறுப்பினர்களின் அந்தரங்கங்களைப் பட்டியலிடும் விதவையின் கதை அது. யாரோ ஒருத்தியின் கதைபோலத் தொடங்கும் பாடல், சொல்பவள் அவளுடைய மகளே என்பதை இறுதியில்தான் வெளிப்படுத்துகிறது.

பாபி பிராடக்கும் கர்லி புட்மனும் எழுதி, 1980இல் ஜார்ஜ் ஜோன்ஸ் பாடிய 'ஹி ஸ்டாப்டு லவ்விங் ஹெர் டுடே'யில் கதை சொல்பவர் நண்பர். சாகும்வரை உன்னைக் காதலிப்பேன் என்று ஒரு பெண்ணிடம் சொன்னவனை இன்று போய்ப் பார்த்ததாகவும், அவன் கண்ணில் நீர் இல்லை, நன்றாக உடுத்தியிருந்தான், பல ஆண்டுகளுக்குப் பிறகு சிரித்த முகமாக இருந்தான் என்றும் அவர் சொல்கிறார். கதவில் மலர்வளையம் வைத்ததைப் பல்லவி சொல்லும்போதுதான் அவர் பார்த்தது பிணத்தை என்று புரிகிறது. அவன் காதலிப்பதை நிறுத்திவிட்டான் என்ற தலைப்பு, கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டான் என்று பொருள் மாறுகிறது.

அந்தப் பெண் கடைசியாக அவனைப் பார்க்க வரும் பகுதி, தயாரிப்பாளர் பில்லி ஷெர்ரில் கேட்டுச் சேர்க்கப்பட்டது. எழுத்தில் பார்த்தால் அது சற்று மிகை என்றே சொல்வேன். ஆனால் ஜோன்ஸ் அங்கே பாடுவதை விட்டுவிட்டு வெறுமனே பேசுகிறார். துக்க வீட்டுக்குப் போய்வந்த நண்பர் அப்படித்தானே சொல்லியிருப்பார்.