"தம்பி, இதைக் கொஞ்சம் பெரிசாக்கிப் போடுங்கோ!"

கிளிநொச்சியில ஏ-9 வீதிக்கரையில இருக்கிற எந்த டிசைன் கடையை எடுத்தாலும், பின்னேரம் கடை பூட்டுற நேரத்தில ஒரு தாய்மாமன் வந்து நிப்பார். மருமகளுக்குச் சாமத்திய வீடு. விடியக் கேற்றடியில பத்துக்கு ஆறடி பனர் நிக்கவேணும். படம்? "வட்ஸ்அப்பில போட்டிருக்கு தம்பி." திறந்தால் பேஸ்புக்கில எடுத்த ஸ்கிரீன்ஷொட். மேல பற்றரி 14 வீதம், கீழ 87 லைக்.

வட்ஸ்அப்பில சாதாரணமா அனுப்பினால் நீளப்பக்கம் ஏறத்தாழ 1600 பிக்சலுக்கு, அதாவது படப் புள்ளிக்கு, சுருங்கும். அங்குலத்துக்கு 300 புள்ளி, அதாவது 300 டிபிஐயில, அது அஞ்சே கால் அங்குலமளவு. அல்பத்தில ஒரு சின்னப் படத்துக்குக் காணும். பனரில பிள்ளையின்ர முகம் பெட்டி பெட்டியா நிக்கும். எடுத்த போனில இருந்தே 'டொக்கியுமென்ட்' எண்டு அனுப்பினால் படம் அப்பிடியே வரும். மாமாவுக்கு இதைச் சொன்னால் அதே ஸ்கிரீன்ஷொட்டை டொக்கியுமென்டா அனுப்புவார்.

அதுக்காகப் பனரை 300இல செய்யவும் வேண்டாம். 36,000க்கு 21,600 பிக்சல், நாலு அச்சு மையின்ர நிறமுறையான சிஎம்வைகேயில மூண்டு ஜிபி. கடைக் கொம்பியூட்டர் கும்பிடு போடும். றோட்டில நிண்டு பாக்கிறதுக்கு 72 காணும், 8,640க்கு 5,184. கையில வைச்சு வாசிக்கிற அழைப்பிதழுக்குத்தான் 300, சுத்திவர, வெட்டேக்க போற 3 மில்லிமீற்றர் வெட்டு விளிம்போட. ஓரத்தில மாமாவின்ர பேரை வைச்சால் கத்தி முதல்ல அவரைத்தான் வெட்டும்.

போனில மினுங்கிற கிளிப்பச்சை மையில வராது. முதலே சிஎம்வைகேக்கு மாத்திக் காட்டினால் சண்டை கடையிலயே முடியும். இல்லாட்டிப் பந்தலுக்குக் கீழ நடக்கும். சின்ன எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும் 100 வீதம். நாலு மையும் கலந்தால், தகடு கொஞ்சம் விலகினாலே எழுத்துக்குப் பின்னால சிவப்பும் நீலமுமா நிழல் அடிக்கும்.

காலமானவைக்கு அடிக்கிற நினைவுமலர் வேற வேலை. இடம்பெயர்வில அல்பங்களைத் துலைச்ச வீடுகள் வன்னியில கனக்க. மிஞ்சினது அடையாள அட்டைப் படம் மட்டும். அதைப் போனில எடுக்காதேங்கோ, லமினேற்றில ரியூப்லைற் தெறிக்கும். ஸ்கானரில 1200 டிபிஐ வையுங்கோ. 35க்கு 45 மில்லிமீற்றர் பாஸ்போட் அளவுப் படம் எண்டால் 1,654க்கு 2,126 பிக்சல் கிடைக்கும். 300இல 14க்கு 18 சென்ரிமீற்றர் வரை அடிக்கலாம். அதுக்கு மேல இழுத்தால் கடதாசியின்ர நார்தான் பெரிசாகும். முகத்தை வெள்ளையாக்கவும் கேப்பினம். விடுங்கோ, பெத்த தாய்க்கு ஆளைத் தெரியவேணும்.

எழுத்தில இன்னும் பாமினி ராச்சியம்தான். ஆங்கில விசைகளில ஏறி இருக்கிற எழுத்துரு அது. குற்று இருக்கிறது அரைப்புள்ளி விசையில. பழைய மென்பொருளில, போனிலயும் இணையத்திலயும் எழுதிற யுனிகோட்டை ஒட்டினால் 'கொ'வின்ர கொம்பு ஒரு பக்கம், அரவு ஒரு பக்கம் ஓடும். புது போட்டோஷொப்பில ஒழுங்கா நிக்கும். பிரஸ்ஸுக்குக் குடுக்க முதல் வரையிற மென்பொருளான கோறல் டிரோவில கொன்ட்ரோல் கியூ அடிச்சு எழுத்தைக் கோடாக்குங்கோ. அங்க அந்த எழுத்துரு இல்லாட்டி அழைப்பிதழ் முழுக்க ஆங்கில எழுத்தாத்தான் வரும். கோடாக்காத பிரதி ஒண்டும் இருக்கட்டும்: சித்தப்பாவின்ர பேர் விடுபட்டது மாமாவுக்கு இரவு பத்து மணிக்குத்தான் ஞாபகம் வரும்.

பேஸ்புக்குக்கு அதே பைலைக் குடுக்காதேங்கோ. திரைக்கான நிறமுறையான எஸ்ஆர்ஜிபிக்கு மாத்தி, அகலத்தை 1080 பிக்சலாக்கி, எழுத்துக் கூடின படமெண்டால் பிஎன்ஜியாச் சேமியுங்கோ. ஜேபெக்கில எழுத்தோரம் அழுக்குப் பிடிக்கும். நாள், நேரம், தொலைபேசி இலக்கத்தைப் பதிவிலயும் ரைப் பண்ணுங்கோ, படத்தில இருக்கிற இலக்கத்தை அமத்திக் கோல் எடுக்கேலாது. அதையும் யுனிகோட்டில போடவேணும். பாமினியை அப்பிடியே ஒட்டினால் கனடாச் சித்தப்பா, மாமாவின்ர பேஸ்புக்கை ஆரோ ஹக் பண்ணிட்டான் எண்டு சாமத்திலயே கோல் எடுப்பார்.