பத்மினி பம்பருக்கு குரோம்தான் வேணுமா?

அப்பாவின் பழைய பிரீமியர் பத்மினி காரின் பம்பருக்காக, கார் உதிரிபாகக் கடைகள் நிறைந்த பெங்களூரு ஜே.சி. ரோடில் விசாரித்தால், எல்லோரும் முதலில் சொல்வது குரோம் பிளேட்டிங்தான், அதாவது உலோகத்தின் மேல் குரோமியம் பூசுவது. பளபளப்பு அருமைதான், ஆனால் பழைய முறையில் பூசும் தொட்டியில் இருக்கும் ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் என்ற வகை புற்றுநோய் உண்டாக்கக்கூடியது, அதிலிருந்து எழும் நுண்துளிகள் போவது அங்கே வேலை செய்கிறவரின் மூச்சில். டிரைவேலன்ட் குரோம் என்ற இன்னொரு வகையில் பூசினால் அந்த ஆபத்து ரொம்பக் குறைவு. நிறம் மட்டும் கொஞ்சம் கறுப்படிக்கலாம், பழைய பாகத்துக்குப் பக்கத்தில் வைத்தால் கண்ணில் படும். ஸ்ப்ரே குரோம் (சில்வர் நைட்ரேட் வேலை அது) பிளாஸ்டிக்கிலும் பிடிக்கும், ஆனால் மேலே உள்ள கிளியர் கோட் (நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு) உரிந்தால் கதை முடிந்தது. எம்ப்ளத்துக்குச் சரி, பம்பருக்கு வேண்டாம்.

என் ஓட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பம்பருக்கு. பூச்சே இல்லை, அப்புறம் எது உரியும்? லேசான கீறல் விழுந்தால் பாலிஷ் போட்டுக்கொள்ளலாம். ஒரிஜினல் மட்டுமே என்று அடம்பிடிக்கிறவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.