பிளாக்போலோட உள்ளங்காலை ஒருவழியா பாத்தாச்சு

இந்த இலையுதிர் சீசன்ல ஒரு பிளாக்போல் வார்ப்ளரை (வட அமெரிக்காவோட குட்டி வலசைப் பறவை) சந்தேகமே இல்லாம நான் பாத்த பறவைகள் லிஸ்ட்ல ஏத்திட்டேன், அதுவும் உள்ளங்கால் தெரியுற போட்டோவோட, அதனால கொஞ்சம் அலட்டிக்கத்தான் போறேன்.

மே மாசத்துல இதையும் இதோட ஜாடைல இருக்குற பே-பிரெஸ்டட் வார்ப்ளரையும் பிரிக்கிறதெல்லாம் ஒரு விஷயமே இல்ல. ஆண் பிளாக்போலுக்கு கருப்புத் தொப்பி, வெள்ளைக் கன்னம், ஆண் பே-பிரெஸ்டடுக்கு தொண்டை விலா எல்லாம் செங்காவி. செப்டம்பர் வந்தா ரெண்டும் ஒரே ஆலிவ் பச்சை, ஒரே மாதிரி ரெண்டு வெள்ளை விங்பார் (றெக்கைக் கோடு), போதாததுக்கு அதே மாதிரி இருக்குற பைன் வார்ப்ளர் வேற.

நெஞ்சுல கோடு இருக்கான்னு பாருன்னு எல்லாரும் சொல்றாங்க. பிளாக்போலுக்கு இருக்கும்தான், ஆனா முதல் வருஷப் பறவைல அது அவ்ளோ மங்கல், பின்னாடி வெளிச்சம் அடிச்சா ஒண்ணும் தெரியாது. அதனால நான் நேரா காலுக்குப் போயிடுறது. காலு முழுசா மஞ்சளா இருக்கும்னு மட்டும் நம்பிடாதீங்க, இந்த சீசன்ல தண்டு கருத்தே இருக்கலாம், பாதமும் விரலோட அடிப்பக்கமும்தான் மஞ்சள். பே-பிரெஸ்டடுக்கு காலு மொத்தமா சாம்பல் கருப்பு. ஆனா அந்தப் பாதம் எப்பவும் கிளையை இறுக்கிப் புடிச்சிருக்கும், அதுவும் மர உச்சில, நம்ம கழுத்து நரம்பு புடிச்சுக்குறதுதான் மிச்சம். இந்தத் தடவை ஒரு புழுவுக்கு எட்டி ஒரு காலைத் தூக்குச்சு பாருங்க, கேமராவை பர்ஸ்ட் மோடுல வச்சு படபடன்னு அழுத்தினதுல ஒரே ஒரு பிரேம் ஷார்ப், அதுல பளிச்சுன்னு மஞ்சள்!

காலை மட்டும் வச்சு முடிவு பண்ணல. வாலுக்கு அடில பிளாக்போலுக்கு வெள்ளை, பே-பிரெஸ்டடுக்கு வெளிர் பழுப்பு சாயல், கீழேருந்து பாக்குறவங்களுக்கு நெஞ்சுக் கோட்டை விட இதான் உருப்படியான அடையாளம்னு நான் சொல்வேன். 10×42 பைனாகுலர் (10 மடங்கு பெருசாக் காட்டுறது) இருந்தா ஈஸியா தெரியும்னு ஒருத்தர் சொன்னார், தலைக்கு நேர் மேல பாக்கும்போது எனக்கு அது ஆடிக்கிட்டே இருக்கு, 8×42 தான் சரி.

புழுவுக்கு அப்படி அலையறதுக்கும் காரணம் இருக்கு. 12 கிராம் பறவை, கொழுப்பு ஏத்தி எடையைக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்காக்கிட்டு அட்லாண்டிக் மேல நிக்காம ரெண்டு மூணு நாள் பறக்குது. சின்ன ஜியோலொகேட்டர் (பறவை போன வழியைக் கண்டுபிடிக்க உதவுற கருவி) மாட்டிப் பாத்து 2015ல வந்த ஆய்வுல 2,270லேர்ந்து 2,770 கிமீ வரைக்கும்னு போட்டிருந்தாங்க. அதுக்கேத்த மாதிரி றெக்கை நீளம், வால் குட்டையாத் தெரியும். பைன் அவ்ளோ தூரம் போறதில்ல, றெக்கை குட்டை, வால் நீளம், முதுகுலயும் கோடு கிடையாது.

பைன் போட்டோவெல்லாம் இன்னும் பிரிக்காம அப்படியே கிடக்கு, அதுக்குள்ள ராத்திரி பறக்கும்போது குடுக்குற சத்தத்தை ரெக்கார்ட் பண்ணலாம்னு மைக் தேட ஆரம்பிச்சுட்டேன். அதுலயும் பிளாக்போல், பே-பிரெஸ்டட், மேக்னோலியா, எல்லோன்னு பல வார்ப்ளர் எல்லாம் ஒரே 'ஸீப்', ஸ்பெக்ட்ரோகிராம்லயே (சத்தத்தைப் படமாக் காட்டுறது) பிரிக்க முடியாம ஒரே கூட்டமா போட்டு வச்சிருக்காங்க. அங்க பாதம் வேற தெரியாது.