கறுப்புக் காயில் ஒரு வெற்றி: பிரெஞ்சு டிஃபென்ஸ், மூன்றாம் மாதம்

செஸ்ஸில் கறுப்புக் காய் வந்தாலே டிரா கிடைத்தால் போதும் என்றுதான் இதுவரை உட்காருவேன். ஞாயிற்றுக்கிழமை மார்த்தாண்டத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் போட்டி. வடசேரியில் பஸ் ஏறியதிலிருந்து தக்கலை தாண்டும்வரை, கறுப்பு ஆடும் தொடக்கமுறையான பிரெஞ்சு டிஃபென்ஸில் ஒரே ஒரு நகர்த்தல் வரிசையைத்தான் மனசுக்குள் ஆடிக்கொண்டிருந்தேன்.

நான்காவது சுற்றில் எதிரே குளச்சலிலிருந்து வந்த பிளஸ் ஒன் பையன். ஆளுக்கு 25 நிமிடம். அவன் இ4, நான் இ6 (எழுத்தும் எண்ணும் பலகையில் கட்டத்தின் பெயர்), அவன் டி4, நான் டி5, அவன் இ5 என்று தள்ளினான். சி5, சி3, குதிரை சி6, குதிரை எஃப்3, ராணி பி6. ஆறாவதாக பிஷப்பை டி3-இல் வைத்தான். டி4-இல் சிப்பாய்களை வெட்டிக்கொண்டோம்.

போன மாதம் நாகர்கோவிலில் நான் ராணியைப் பறிகொடுத்தது இதே இடத்தில்தான். டி4 சிப்பாய் சும்மா கிடப்பதுபோலத் தெரியும். குதிரையால் வெட்டினால் அவன் குதிரை திருப்பி வெட்டும். அதை நம் ராணி வெட்டும். உடனே அந்த பிஷப் பி5-க்குப் போய் செக். பிஷப் விலகியதில் வழி திறந்து, வெள்ளை ராணி நம் ராணியைத் தூக்கிவிடும்.

இந்த முறை சிப்பாயைத் தொடவில்லை. முதலில் பிஷப் டி7. இனி பி5-இல் செக் கிடையாது. அவன் காஸ்லிங் செய்து ராஜாவை யானைக்குப் பக்கத்தில் பத்திரப்படுத்தினான், அப்புறம்தான் டி4-இல் வெட்டினேன். வெள்ளை இப்படிச் சிப்பாயைக் கொடுத்துத் தாக்குவதற்கு மில்னர்-பாரி கேம்பிட் என்று பெயர். அந்த மில்னர்-பாரி, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் குறியீடு உடைக்கும் மையமான பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மானியரின் எனிக்மா குறியீட்டை உடைத்தவர்களில் ஒருவர்.

அவன் குதிரை சி3-க்கு வந்தது. இ5-இல் இன்னொரு சிப்பாயும் கிடைக்கும், ஆசையாகத்தான் இருந்தது. நாலு நிமிடம் யோசித்து ஏ6 ஆடினேன், அந்தக் குதிரை பி5-க்கு வரக்கூடாது என்று. இந்த ஆட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த நகர்த்தல் அது. பிறகு என் இன்னொரு குதிரை இ7, சி6, பி4 என்று சுற்றிப்போய் அந்த டி3 பிஷப்பையே வெட்டியது. அதோடு அவன் தாக்குதல் ஓய்ந்துவிட்டது.

ராணிகள் போய் யானைகள் மட்டும் மிஞ்சியபோது என் கடிகாரத்தில் இரண்டு நிமிடம்கூட இல்லை. என் சிப்பாய் டி2-வரை வந்திருந்தது. அவன் யானை டி1-இல் மறித்து நின்றது, ராஜாவோ தூரத்தில் ஜி2-இல். என் ராஜா டி3-க்கு வந்து, அப்புறம் சி2. இனி யானையை இழக்காமல் அந்தச் சிப்பாய் ராணியாவதைத் தடுக்க முடியாது. பையன் பலகையையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கை நீட்டினான். "கொள்ளாம் அண்ணே, அந்த ஏ6-தான்" என்றான்.

ஆறாவதாக அவன் ஏ3 ஆடியிருந்தால் நான் திணறியிருப்பேன். இந்த வாரம் அதைத்தான் படிக்க எடுத்திருக்கிறேன்.