காத்திருக்கும் மூளை

மழை விடாமல் பெய்த ஒரு விடுமுறை மாலையில், மகளின் கைபேசியில் இருந்த ஒரு சிறு விளையாட்டை வீட்டில் மூவரும் மாறி மாறி ஆடினோம். திரையில் இரண்டு பெட்டிகள் தோன்றும். ஒன்றைத் தொட்டால் நாணயங்கள் கொட்டும், அல்லது ஒன்றும் வராது. எந்தப் பெட்டி அதிகம் தருகிறது என்பதைத் தொட்டுத் தொட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்த சிறிது நேரத்திலேயே, சொல்லாமல் கொள்ளாமல் பெட்டிகளின் குணம் மாறிவிடும். 16 வயது மகள் இரண்டு முறை ஏமாந்ததுமே அடுத்த பெட்டிக்குத் தாவினாள். 76 வயதான என் அம்மாவோ வெறும் பெட்டியையே ஏழெட்டு முறை நிதானமாகத் தொட்டுக்கொண்டிருந்தார். “பாட்டி, அது இனிமே தராது” என்று மகள் பதறினாள். “தரும்போது தரட்டுமே” என்றார் அம்மா. ஆனால் நாணயம் கொட்டிய நொடியில் இருவர் முகத்திலும் மலர்ந்த சிரிப்பில் எனக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. அந்தச் சிரிப்புதான் என்னைப் படிக்கத் தூண்டியது. வயதானால் ஆர்வம் மங்கிவிடும், மகிழ்ச்சி வற்றிவிடும் என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வது சரிதானா என்ற ஐயம் எழுந்தது.

ஆர்வம், மகிழ்ச்சி என்றதும் பேச்சில் வருவது, மூளையின் நரம்பணுக்கள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் டோபமின் என்னும் வேதிப்பொருள். அதை ‘இன்பம் தரும் ரசாயனம்’ என்று எழுதிவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அந்தச் சொல்லாட்சியில் உடன்பாடில்லை. நரம்பியல் ஆய்வாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளை வைத்துச் செய்த சோதனைகளில், எதிர்பாராமல் ஒரு துளி பழச்சாறு கிடைத்தபோது டோபமின் நரம்பணுக்கள் துடித்தன; சாற்றுக்கு முன்னால் ஓர் அடையாளம் தவறாமல் வரும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, துடிப்பு அந்த அடையாளத்துக்கு இடம் மாறியது, சாறு கிடைத்தபோது துடிப்பு வழக்கமான அளவிலேயே இருந்தது. அடையாளம் வந்தும் சாறு வராமல் போனால், வந்திருக்க வேண்டிய அதே கணத்தில் துடிப்பு வழக்கத்தைவிடத் தாழ்ந்தது. பீட்டர் டயன், ரீட் மாண்டேகு ஆகியோருடன் அவர் 1997இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு ஒரு கணக்கு வடிவம் தந்தது: கிடைத்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்தால் வரும் மீதியைத்தான் இந்த அணுக்கள் அறிவிக்கின்றன, மூளை அந்த மீதியைக் கொண்டுதான் கற்றுக்கொள்கிறது.

வளரிளம் பருவத்தில் இந்த ஏற்பாடு உச்சத்தில் இயங்குவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. அட்ரியானா கால்வானும் அவருடைய குழுவினரும் 2006இல் வெளியிட்ட ஸ்கேன் ஆய்வில், பெரிய பரிசு கிடைத்தபோது பதின்ம வயதினரின் ‘நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ்’ என்னும் ஆழ்மூளைப் பகுதி, சிறுவர்களையும் பெரியவர்களையும் விட ஓங்கிச் செயல்பட்டது; மிகச் சிறிய பரிசு கிடைத்தபோதோ, பரிசே ஒரு ஏமாற்றம் என்பதுபோல அதன் செயல்பாடு தணிந்தது. அதே வேளையில், ஆசையை நெறிப்படுத்தும் நெற்றிப்பக்க மூளை அவர்களிடம் இன்னும் முதிர்ந்திருக்கவில்லை. அரை மதிப்பெண் குறைந்ததற்காக மகள் ஒரு நாள் முழுவதும் பேசாமல் இருந்தது எனக்கு நினைவுக்கு வந்தது; அன்று அவளைக் கடிந்துகொண்டதும் கூடவே நினைவுக்கு வந்தது.

முதுமையைப் பற்றிய முடிவுகள்தான் நான் நினைத்திருந்ததற்கு நேர்மாறாக இருந்தன. டோபமினை ஏற்கும் ஏற்பிகள் இளமைக்குப் பின் பத்தாண்டுக்கு ஏறக்குறைய 10 விழுக்காட்டை ஒட்டிக் குறைந்துகொண்டே போகின்றன. ஆகவே எல்லாமே ஒன்றுபோல மங்க வேண்டும் என்றுதான் நானும் எண்ணினேன். ஆனால் கிரிகரி சமனேஸ்-லார்கினும் உடன் ஆய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பணம் வரப்போகிறது என்ற அறிகுறியைக் கண்டபோது முதியவர்களின் மூளை இளைஞர்களின் மூளையைப் போலவே விழித்தது. பணம் பறிபோகப்போகிறது என்ற அறிகுறிக்கு மட்டும் அது அவ்வளவாக அசையவில்லை. உண்மையிலேயே பணம் வந்தபோதும் போனபோதும் இரு தரப்பும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. அம்மாவின் “தரும்போது தரட்டுமே” இங்கேதான் எனக்குப் புதிய பொருள் தந்தது. அதை நான் பொறுமை என்று மட்டும் எண்ணியிருந்தேன். இழப்பை முன்கூட்டியே அஞ்சுகிற பழக்கம் தளர்ந்திருப்பதும் அதில் ஒரு பங்காக இருக்கலாம்.

அப்படியானால் அவர் ஏன் வெறும் பெட்டியை விடவில்லை? 2013இல் வெளியான இன்னொரு ஆய்வு, சராசரியாக 70 வயதுள்ளவர்களை ஏறக்குறைய இதே வகை விளையாட்டை ஆடச் செய்தது. அவர்களுடைய மூளையில் ‘கிடைத்தது’ என்ற குறிப்பு தெளிவாகவே இருந்தது. கழிக்கப்பட வேண்டிய ‘எதிர்பார்த்தது’ என்ற குறிப்புதான் பழுதுபட்டிருந்தது. கழிக்க எண் இல்லாவிட்டால் மீதி எப்படிச் சரியாக வரும்? நடுக்குவாத நோய்க்குக் கொடுக்கப்படும், மூளையில் டோபமினாக மாறும் லெவோடோபா மருந்தை உட்கொண்டபோது, அவர்களில் ஒரு பகுதியினருக்கு அந்தக் கணக்கு இளைஞர்களுடையதைப் போலச் சீரடைந்தது, ஆட்டமும் மேம்பட்டது. எல்லாருக்கும் அப்படி நடக்கவில்லை என்பதையும், இது நலமாக இருக்கும் முதியவர்களுக்கான மருத்துவப் பரிந்துரை அன்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வயதாகும்போது ரத்தக்குழாய்களும் மாறுவதால், ரத்த ஓட்டத்தை வைத்து மூளையை அளக்கும் ஸ்கேன்களில் இளையோரையும் முதியோரையும் ஒப்பிடும்போது கூடுதல் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது.

இதையெல்லாம் படித்த பின் ஒரு நாள், அம்மாவிடம் கைபேசியைக் கொடுத்து, ஒவ்வொரு முறை தொடுவதற்கு முன்பும் நாணயம் வருமா வராதா என்பதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னேன். இதை நான் சோதனை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். அந்த விளையாட்டு அதற்குள் அவருக்குப் பழகியும் இருக்கலாம். “வரும்” என்றார், வரவில்லை. “வரும்” என்றார், மீண்டும் வரவில்லை. மூன்றாம் முறை விரல் திரைக்கு மேலே நின்றது, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார், பின்பு மெதுவாக அடுத்த பெட்டியின் பக்கம் நகர்ந்தார்.