ஒன்பதாவது புத்தகம்: பஃபின், 1961

சிறுவர் கதைகள் மெல்லட்டையில் முதன்முதல் வந்த அச்சுகளைத் தேடிச் சேர்க்கிறேன். அதில் ஒன்பதாவது புத்தகம் போன சனிக்கிழமை கையில் கிடைத்தது. டோல்கீனின் ‘த ஹொபிட்’, பென்குயின் நிறுவனத்தின் சிறுவர் பிரிவான பஃபின் வெளியிட்ட மெல்லட்டைப் பதிப்பு, மேலட்டைப் படம் போலின் பேய்ன்ஸ். கொழும்பில் படிக்கிற மருமகன் மருதானைப் பக்கம், டி. ஆர். விஜயவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடையொன்றில் கண்டு, தலைப்புப் பக்கத்தின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினான்.

“மாமா, இதுவோ நீங்கள் தேடினது?”

படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். பஃபினில் வெளிவந்த ஆண்டு 1961. அதற்குக் கீழே மறு அச்சு என்று ஒரு வரியும் இல்லை. “ஓம் அப்பன், அதேதான். விலை பேசிக்கொண்டு நிக்காதை, வாங்கு” என்றேன். யாழ்தேவியில் கிளிநொச்சி வரைக்கும் மடியில் வைத்தே கொண்டுவந்து தந்தான்.

அந்தப் பின்பக்கத்தைப் பார்க்கவேண்டும் என்பதை நான் காசு கொடுத்துத்தான் படித்தேன். இரண்டு வருடத்துக்கு முன், சி. எஸ். லூயிஸின் நார்னியாக் கதைகளில் முதலில் வெளிவந்த புத்தகத்தின் 1959ஆம் ஆண்டு பஃபின் முதல் அச்சு என்று சொல்லி ஒருவர் இணையத்தில் விற்றார். முன்னட்டைப் படத்தை மட்டும் பார்த்து 4,500 ரூபாய் அனுப்பினேன். வந்ததைத் திறந்தால் 1950 என்று மூலப்பதிப்பின் ஆண்டு இருக்கிறது, 1959 இருக்கிறது, அதன்கீழ் மறு அச்சு ஆண்டுகள் வரிசையாக இறங்கி எழுபதுகளில் வந்து நிற்கின்றன. வரிசையில் கடைசியாக நிற்கிற ஆண்டுதான் கையிலிருக்கும் பிரதியின் ஆண்டு. இப்போது அந்தப் பக்கத்தின் படம் வராமல் யாருக்கும் ஒரு சதமும் அனுப்புவதில்லை. சரியான 1959 பிறகு கிடைத்தது, முதுகு கிழிந்தபடி.

ஏன் பஃபின் என்று கேட்பார்கள். ‘த ஹொபிட்’டின் உண்மையான முதற்பதிப்பு 1937 செப்டெம்பரில் 1,500 பிரதிகளாக வந்தது, அந்த வருடம் முடிவதற்குள் விற்றுத் தீர்ந்தது. ஹரி பொட்டரின் முதல் புத்தகம் 1997இல் கெட்டியட்டையில் அச்சானது 500 பிரதிதான். அவையெல்லாம் ஏலக்கூடத்தில் கைமாறுகிறவை. பிள்ளைகள் காற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தவை மெல்லட்டைப் புத்தகங்கள். எங்கள் பள்ளிக்கூட நூலகத்துக்கும் அவைதான் வந்தன. ஆகவே ஒவ்வொரு கதையும் மெல்லட்டையில் முதன்முதல் வந்த அச்சைத் தேடுவது என்று முடிவெடுத்தேன்.

இந்த 1961இல் ஒரு விசேஷம் உண்டு. குள்ளர்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் பன்மையை டோல்கீன் வேண்டுமென்றே ‘வி’ எழுத்து வைத்து எழுதினார். அகராதியில் ‘எஃப்’ தான். பஃபின்காரர் அவரைக் கேட்காமலே புத்தகம் முழுக்க ‘எஃப்’ ஆக்கிவிட்டார்கள். அவர் கொதித்துப்போய்த் தன் பதிப்பாளருக்குக் கடிதம் எழுதினார். அந்தப் பிழையான சொல்லைப் பக்கத்துக்குப் பக்கம் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சனிக்கிழமை இரவு முழுதும் எனக்கு அதுதான் வேலை.

பதிப்பு மாறினால் கதையே மாறும் என்பதற்கும் இந்தப் புத்தகமே சாட்சி. 1937 பதிப்பில், கதாநாயகன் பில்போவோடு ஆடிய விடுகதைப் போட்டியில் தோற்ற கொல்லம் என்ற குகைவாசி, பரிசாகத் தருவதாகச் சொன்ன மோதிரத்தைக் காணாமல் வருந்தி மன்னிப்புக் கேட்கிறான். அதற்குப் பதிலாக வெளியே போகும் வழியைக் காட்டுகிறான். பின்னால் எழுதிக்கொண்டிருந்த ‘த லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’ என்ற பெரிய கதைக்கு அது பொருந்தாததால் ஆசிரியர் அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுத, 1951இல் வந்த இரண்டாம் பதிப்பிலிருந்து கொல்லம் சபித்துக் கத்துகிறவன் ஆகிவிட்டான். பழைய கொல்லத்தை 2016இல் வந்த அச்சு அசல் மறுபதிப்பில் வாசித்தேன். எனக்கு அவனைத்தான் பிடித்திருக்கிறது.

2008இல் வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது என்னுடைய புத்தகங்களைப் பொலித்தீனில் சுற்றிக் கிணற்றடியில் தாட்டுவிட்டுப் போனோம். திரும்பிவந்து கிண்டியபோது பொலித்தீனுக்குள் புற்றுமண் இருந்தது. அதனால் இப்போது வைக்கிற விதத்தில் மிகக் கவனம். அலுமாரி சுவரில் முட்டாது. நாலு காலும் கழிவு ஒயில் விட்ட தகரப் பேணிகளில் நிற்கும். மாரிக்குப் புத்தகங்கள் பிஸ்கட் தகரத்துக்குள், சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பைகளோடு போகும். இராமபாணப்பூச்சி முதுகுப் பசையின் மாவுக்குத்தான் வருகிறது, அதற்கு வேப்பிலை. நன்றாகக் காய்ந்த இலையைத் துணியில் முடிந்து வைக்கவேண்டும். பச்சை இலை வைத்து ஒரு புத்தகத்தின் கடைசித் தாள் கறைபட்டுப் போனது. கிழிந்ததற்கு ஒருபோதும் செலோரேப் வேண்டாம். பசை மஞ்சளாகித் தாளைத் தின்னும். மெல்லிய தாளும் கோதுமை மாப்பசையும் போதும்.

ஒன்பதுக்குள் சேராத ஒரு கட்டும் வீட்டில் இருக்கிறது. முள்ளியவளையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயா ஒருவர் தந்தது: அறுபதுகளின் அம்புலிமாமா, 23 இதழ்கள். யுத்தத்துக்கு முன்பே வவுனியாவில் அக்கா வீட்டில் விட்டிருந்ததால் தப்பியவை. விக்கிரமாதித்தன் வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும் படத்தை அவர் எனக்குத் திருப்பித் திருப்பிக் காட்டினார். 1947 ஜூலையில் தொடங்கிய இதழ் அது. அதன் முதல் வருட இதழ்களை அவர் கண்ணால் கண்டிருக்கிறாராம். நான் காசு தர எடுத்தபோது கையைத் தட்டிவிட்டார்.

“நான் போனாப்பிறகு பிள்ளையள் இதைக் கடலை சுத்தக் குடுத்துப்போடுவினம். நீ வைச்சிரு தம்பி. வாசிக்கிற பிள்ளை வந்தா மறைக்காமல் குடு.”

நடுவில் அடித்த கம்பிகள் கறள் பிடித்துத் தாளையும் அரித்திருக்கின்றன. ஒவ்வொன்றாக நிமிர்த்திக் கழற்றி, அதே துளைகளுக்குள்ளால் பருத்தி நூல் கோத்துத் தைக்கிறேன். ஒரு இதழுக்கு ஒரு பின்னேரம் போகிறது. பதினொன்று முடிந்தது. மிச்சம் பன்னிரண்டையும் ஐப்பசி மழைக்கு முன்னம் தைத்துத் தகரத்துக்குள் வைக்கவேணும்.