கருமணலில் மிளிரும் மீன்

வெண்மணல் பரப்பிய தொட்டியில் என் நியான் டெட்ரா என்னும் சிறு வண்ணமீன்கள் வெளிறித் தெரிந்தபோது, ஏதோ நோய் என்றே முதலில் எண்ணினேன். உண்மையில், தரையின் வெளிச்சத்தைக் கண்ணால் உணரும் மீன், தோலிலுள்ள நிறமிச் செல்களில் கருநிறமித் துகள்களை நடுவில் குவித்துத் தன்னை வெளுப்பாக்கிக்கொள்கிறது. இருண்ட தரையின்மேல் அதே துகள்கள் விரிந்து பரவுவதால், சிவப்பும் நீலமும் ஆழமாகத் தெரிகின்றன. இம்மாற்றம் சில நிமிடங்களிலேயே தொடங்கிவிடும் என்றாலும், நிறமியின் அளவே கூடுவதற்கு நாட்களும் வாரங்களும் ஆகும். அமேசான் படுகையின் இருண்ட ஓடைகளில் வாழும் இம்மீனுக்குக் கருமணலே பொருந்தும் என்பது என் துணிபு. பளீரென்ற நீலக் கற்களை நான் விரும்புவதில்லை. அவை மீனோடு போட்டியிடுகின்றன. கோரிடோரஸ் என்னும், தரையில் இரைதேடும் சிறு கெளுத்தி மீனை வளர்ப்போர், மணலின் நிறம் எதுவாயினும், அம்மீனின் மீசையைக் காயப்படுத்தாத நுண்மணலையே தேர்ந்தெடுக்க வேண்டும்.